இரண்டு யூனிட்

முதலில் எறும்புகள்தான் கண்டுபிடித்தன.
மணல் தட்டின் ஓரம்வரை
கறுப்புக் கோடாக வந்து
ஓவர்டைமின் மூத்திரத்தைச் சுற்றிக்
கூட்டம் போட்டன.
நான் எறும்புச் சாக்பீஸ் வாங்கிவந்து
அவற்றுக்கு எல்லை கிழித்தேன்.
என் அறிவு அவ்வளவுதான்.

ஓவர்டைம் என்பது பூனை.
கடைசி மெட்ரோ போன பிறகும்
டிக்கெட் கவுன்ட்டரில் கணக்கு ஒத்துவராத ஓர் இரவில்
என் ஹெல்மெட்டுக்குள் ஏறிப் படுத்திருந்தது.
சம்பளத்தில் வராத ஓவர்டைம்
இப்படி வந்தது.

பிறகு வாளித் தண்ணீர் குறைந்தது.
பிறகு தடவும்போது
முதுகெலும்பு விரலில் தட்டியது.

அண்ணா நகரில் ஏ.சி. அறையில் ஒருவர்
பூனையைத் தொடாமல்
அட்டையைத் தொட்டுக் காட்டினார்:
வெள்ளித் திட்டம், தங்கத் திட்டம், வைரம்.
வில்லிவாக்கத்தில் இன்னொருவர்
போனில் மனை விலை பேசிக்கொண்டே
"பத்து வயசாச்சு இல்ல, விடுங்க.
வேற குட்டி எடுத்துக்கலாம்" என்றார்.
அந்த வாக்கியத்துக்கு முந்நூறு ரூபாய்.

வேப்பேரியில் டோக்கன் நூற்றுப் பதினேழு.
எனக்கு முன்னால் ஓர் ஆடு,
இரண்டு லாப்ரடார், துண்டு சுற்றிய கிளி.
இளம் டாக்டர் ரத்தம் எடுத்து
நானூற்று அறுபத்திரண்டு என்று எழுதினார்.
சர்க்கரை என்றார். ஊசி என்றார்.
நின்று விளக்க அவருக்கும் ஆசைதான்.
நூற்றுப் பதினெட்டு அதற்குள் குரைத்துவிட்டது.

ஆட்டுக்கார அம்மாதான் வாசலில் சொன்னாள்:
"ஓட்டேரி பாலம் தாண்டி, டயர் கடை மாடியில
ஒரு டாக்டரம்மா. திட்டுவாங்க. போ."

திட்டினார்.
"ஊசி யாரு போடறது?"
"நான்தான்."
"எத்தனை மணிக்கு?"
"ஷிஃப்ட்டைப் பொறுத்து…"
"சர்க்கரைக்கு ஷிஃப்ட் தெரியுமா?"
டாக்டர் ஃபர்ஹத் பிறகு தரையில் சம்மணமிட்டார்.
மேசைமேல் வைத்தால்
பயத்திலேயே அளவு ஏறுமாம்.
ஓவர்டைம் அவர் துப்பட்டாவுக்குள் போய்த்
திரும்பி வரும்வரை
பத்து நிமிடம் ஒன்றுமே செய்யவில்லை.
அதற்கு பில்லும் போடவில்லை.

காது விளிம்பில் ஒரே துளி.
என் கையில் உப்புநீர் சிரிஞ்சைக் கொடுத்து
சாத்துக்குடியைக் குத்தச் சொன்னார்.
பதினோரு முறை.
பன்னிரண்டாவது, பூனை.
சிரிஞ்ச்மேல் நாற்பதா நூறா என்று
பார்க்காம வாங்காதீங்க,
தள்ளாடினா ஈறுல தேன், உடனே எனக்கு போன்,
சாப்பிடலைன்னா ஊசிக்கு முன்னாடி கேளுங்க.
என் ஒரு கேள்விக்கு மட்டும்
"தெரியலை. கேட்டுச் சொல்றேன்" என்றார்.
மறுநாள் கேட்டுச் சொன்னார்.
இரண்டு மாதம் ஆட்டோவுக்குக் கொட்டிக்கொடுத்து
நான் தேடித் திரிந்தது
அந்தத் 'தெரியலை'யைத்தான் போல.

ஷிஃப்ட் மட்டும் மாறவில்லை.
"இன்னொரு கை தேடுங்க."

எதிர் வீட்டுத் தணிகைவேல்,
நாலு வருஷமாக மோட்டார் சுவிட்சுக்காக மட்டும்
என்னோடு பேசுகிறவர்,
படியில் என் தெர்மாகோல் பெட்டியைப் பார்த்து
"இன்சுலினா?" என்றார்.
"எனக்கும். பத்தொன்பது யூனிட்.
உங்களுக்கு எவ்ளோ?"
"எனக்கில்ல. பூனைக்கு."
சிரிக்கவில்லை.
"அதுக்கு எவ்ளோ?"
"ரெண்டு."
"குடுத்து வச்சது" என்றார்.

இப்போது என் மாலை ஷிஃப்ட் வாரங்களில்
ஏழு மணிக்குச் சட்டையைத் தூக்கித் தனக்கு,
கண்ணாடியை மாற்றிக்கொண்டு அதற்கு.
எங்கள் பேச்சு இன்னும் மோட்டார் பற்றித்தான்.
எறும்புகள் ரவை டப்பாவுக்குக் குடிபெயர்ந்துவிட்டன.

நேற்று கவுன்ட்டரில் சில்லறை எண்ணும்போது
அவர் செய்தி வந்தது:
"ரெண்டு பேருக்கும் போட்டாச்சு.
பூனை சாப்டுச்சு. நான் இன்னும் இல்ல."

வரிசையில் ஒருவர் திருமங்கலம், திருமங்கலம் என்று
கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருக்க
நான் அடித்தேன்,
டயர் கடை மாடிக் குரலில்:
"முதல்ல தட்டை எடுங்க."